நாய் கடித்தால் பொறுப்பு யாருக்கு? சட்டம் சொல்வதும் கட்டுரையில் எழுத வேண்டியதும்



'செல்லப் பிராணி வளர்ப்போரின் கடமைகள்' என்பது போன்ற தலைப்பை நாம் எல்லாரும் ஒரு முறையாவது வகுப்பில் கொடுத்திருப்போம். மாணவர்களும் எழுதிவிடுவார்கள். நேரத்துக்கு உணவு கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், அன்பு காட்ட வேண்டும். நாலு கருத்து ஆச்சு, கட்டுரை முடிஞ்சது. ஆனால், 'சரி, அந்த நாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டால் யார் பொறுப்பு?' என்று கேட்டுப் பாருங்கள். பொதுவாக மூன்று பதில்கள் வரும்.

ஒன்று: "முதல் தடவை கடித்தால் உரிமையாளர் மேல் தப்பு இல்லை. ரெண்டாவது தடவைதான் கேஸ்."

இரண்டு: "நாய் யாருடையதோ அவர்தான் எப்போதும் பொறுப்பு."

மூன்று: "கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' போர்டு மாட்டிட்டா போதும், ஒன்னும் பண்ண முடியாது."

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதுவும் முழு உண்மை இல்லை. மலேசியச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கருத்து விளக்கக் கட்டுரைக்கும் விவாதக் கட்டுரைக்கும் இதிலிருந்து கருத்துகள் கிடைக்கும். அதைவிட முக்கியம், நம் மாணவர்களில் ஒருவருக்கே இது நடந்தால் என்ன செய்வது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கற்பனைச் சூழல்

படிவம் 2 மாணவி ஒருத்தி டியூஷன் முடிந்து மாலையில் தன் தாமானுக்குள் நடந்து வருகிறாள். மூலை வீட்டுக் கேட் பாதி திறந்து கிடக்கிறது. உள்ளே இருந்த நாய் ஓடி வந்து அவள் கெண்டைக்காலைக் கடித்துவிடுகிறது. நான்கு தையல். அதே நாய் போன மாதம் பேப்பர் போடுபவரை விரட்டிச் சென்று அவருடைய சட்டையைக் கிழித்திருக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். இப்போது அவர் மாணவியின் வீட்டுக்கு வந்து, "சின்னக் கடிதானேங்க, இந்தாங்க 50 வெள்ளி, பெருசாக்க வேணாம்" என்கிறார். அம்மாவும் அப்பாவும் தயங்குகிறார்கள். பல வருஷப் பழக்கம், பக்கத்து வீடு, தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்கிய உறவு.

இந்தச் சூழலை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்துக்குள் போவோம்.

1. இரண்டு பாதைகள்

முதலில் மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரே நாய்க்கடி இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகலாம்.

குற்றவியல் பாதையில் வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு. முடிவில் கிடைப்பது தண்டனை, அதாவது அபராதம் அல்லது சிறை. அபராதத் தொகை அரசுக்குப் போகும். குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

உரிமையியல் பாதையில் வழக்கைத் தொடுப்பவர் கடிபட்டவர். முடிவில் கிடைப்பது இழப்பீடு. அந்தப் பணம் கடிபட்டவருக்குப் போகும். இங்கே 'நடந்திருக்கவே அதிக வாய்ப்பு' என்ற அளவுக்கு நிரூபித்தால் போதும்.

"போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாச்சு, இனிமே பணம் தானா வந்துடும்" என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். போலீஸ் புகார் முதல் பாதையின் வாசல். இரண்டாவது பாதையில் அது ஒரு சான்று. ஆனாலும் இரண்டு பாதைகளுக்கும் இடையே ஒரு சின்னப் பாலம் உண்டு. குற்றவாளி எனத் தீர்ப்பான ஒருவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என உத்தரவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

2. குற்றவியல் சட்டம்: பிரிவு 289

மலேசியக் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு விலங்குகள் தொடர்பான கவனக்குறைவைப் பற்றியது. ஒருவர் தம் வசம் உள்ள விலங்கினால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேர வாய்ப்பு இருக்கும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாமல் விட்டாலோ கவனக்குறைவால் விட்டாலோ அது குற்றம். அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, 'தம் வசம் உள்ள' என்பது. நாயின் பெயரில் யார் லைசென்ஸ் எடுத்தார் என்பது மட்டும் கேள்வியில்லை. அந்த நேரத்தில் நாய் யாருடைய வசத்தில் இருந்தது என்பதும் கேள்வி. அண்ணன் வெளிநாடு போய்விட்டார், நாயைத் தம்பி பார்த்துக்கொள்கிறார் என்றால், "என் நாய் இல்லீங்க" என்று தம்பி எளிதாகத் தப்பிக்க முடியாது.

இரண்டாவது, குற்றம் இருப்பது நாயின் கடியில் இல்லை; மனிதர் செய்யாமல் விட்ட ஏற்பாட்டில். கேட்டைச் சாத்தாதது, சங்கிலி போடாதது, உடைந்த வேலியைச் சரிசெய்யாதது, இவைதான் சட்டத்தின் பார்வையில் விழுகின்றன. நாய்க்குச் சட்டம் தெரியாது; வளர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, எதிர்பார்க்கக்கூடிய ஆபத்து உயிராபத்தாகவோ கொடுங்காயமாகவோ இருக்க வேண்டும். எலும்பு முறிவு, பார்வை இழப்பு, முகத்தில் நிரந்தர வடு போன்றவை கொடுங்காயத்தில் அடங்கும். எனவே, காலில் பல் லேசாகப் பட்ட எல்லாச் சம்பவமும் இப்பிரிவின் கீழ் வந்துவிடும் என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் பெரிய நாய் ஒன்று சிறு குழந்தைகள் நடமாடும் தெருவில் அவிழ்த்துவிடப்பட்டால் என்ன ஆபத்து வரும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

இந்தப் பிரிவுக்கு ஒரு வரலாறும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் இரண்டின் தண்டனைச் சட்டங்களுக்கும் மூலம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதனால்தான் மூன்று நாடுகளிலும் இதற்கு 289 என்ற ஒரே எண் இருந்தது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் இது 291ஆம் பிரிவாக மாறிவிட்டது.

*வேண்டுமென்றே ஏவினால்?* அது வேறு கணக்கு. கவனக்குறைவு இல்லை, தாக்குதல். ஆபத்தான ஆயுதம் அல்லது வழிகளால் காயம் விளைவிப்பதைப் பற்றிய 324ஆம் பிரிவு, விலங்கைக் கொண்டு காயப்படுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. அதற்கு 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இன்னொரு சுவையான செய்தி: தாக்க முனைதலை விளக்கும் 351ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு, மூர்க்கமான நாயின் வாய்க்கவசத்தை ஒருவர் அவிழ்க்கத் தொடங்குவதைப் பற்றியது. நாய் இன்னும் கடிக்கவில்லை. எதிரில் நிற்பவரை அச்சுறுத்தும் எண்ணத்தோடு அவிழ்க்கத் தொடங்கியதே போதும்.

3. உரிமையியல் சட்டம்: 'முதல் கடி' கதை எங்கிருந்து வந்தது?

இழப்பீட்டு வழக்குக்கு மலேசியாவில் 'நாய்க்கடிச் சட்டம்' என்று தனியாக ஒன்றும் இல்லை. 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தீபகற்ப மலேசியாவில் 1956 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் இருந்த பொதுச்சட்டத்தை, உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ற அளவில் இங்கே பொருந்தச் செய்தது. (சரவாக்கிற்கும் சபாவிற்கும் தேதிகள் வேறு.) இங்கிலாந்தோ 1971இல் விலங்குகள் சட்டம் என்று புதிதாக ஒன்றை இயற்றி, பழைய விதிகளை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் தானாக இங்கே வரவில்லை. ஆகவே நமக்கு இன்னும் உதவுவது பழைய பொதுச்சட்டம்தான். அதில் இரண்டு வழிகள் உண்டு.

*முதல் வழி: 'தெரிந்தே வளர்த்தல்'.* பொதுச்சட்டம் விலங்குகளை இரண்டாகப் பிரித்தது. யானை, புலி போன்றவை இயல்பிலேயே ஆபத்தானவை. அவற்றை வைத்திருப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பொறுப்பு அவருக்கே. 1957இல் இங்கிலாந்தில் ஒரு சர்க்கஸ் வழக்கு. நாய் குரைத்ததில் மிரண்ட யானையால் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் காயமடைந்தார்கள். அது பழக்கப்பட்ட, சாதுவான யானைதான். இருந்தும் சர்க்கஸ் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பானது.

நாய், பூனை, மாடு போன்றவை வீட்டு விலங்குகள். அவை இயல்பில் ஆபத்தற்றவை என்ற ஊகத்தோடு சட்டம் தொடங்குகிறது. ஆனால், 'இந்தக் குறிப்பிட்ட நாய்க்கு ஆளைத் தாக்கும் குணம் இருக்கிறது' என்று வளர்ப்பவருக்குத் தெரிந்திருந்தால் அந்த ஊகம் போய்விடும். அதன் பிறகு அந்த நாய் யானைக்குச் சமம். கேட் பூட்டியிருந்தது, சங்கிலி புதுசு என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது.

'முதல் கடிக்குப் பொறுப்பில்லை' என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. அது பாதி உண்மைதான். தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க முன்பே ஒருவரைக் கடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடிக்கப் பாய்ந்தது, விரட்டிச் சென்றது ஆகியவற்றை வளர்ப்பவர் அறிந்திருந்தால் அதுவும் சான்றாகும். நம் கற்பனைச் சூழலில் பேப்பர்காரரின் கிழிந்த சட்டை அதனால்தான் முக்கியம்.

*இரண்டாம் வழி: கவனக்குறைவு.* நாய் அதுவரை பசு மாதிரி சாதுவாக இருந்திருந்தாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. மூன்றைக் காட்ட வேண்டும். வளர்ப்பவருக்குக் கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதில் தவறினார், அதனால் காயம் ஏற்பட்டது.

இங்கே மைய வினா, 'இப்படி நடக்கும் என்று நியாயமான ஒருவர் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா?' என்பது. இரண்டு இங்கிலாந்து வழக்குகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1932இல் தீர்ப்பான வழக்கில், நிறுத்தி வைத்த காருக்குள் இருந்த நாய் துள்ளியதில் கண்ணாடி உடைந்து, வழியே போனவரின் கண்ணில் சில்லு பாய்ந்தது. யாரும் ஊகித்திருக்க முடியாத நிகழ்வு என்பதால் உரிமையாளர் பொறுப்பில்லை. 1972இல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்த டெரியர் குட்டிகள் கூட்டமாக ஓடி வந்து ஒரு சிறு குழந்தையைக் கடித்தன. தனித்தனியாக எந்தக் குட்டிக்கும் கடித்த வரலாறு இல்லை. ஆனால் அவ்வகை நாய்கள் கூட்டமாகச் சேர்ந்தால் ஆபத்து என்பது நாய் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பு அவருக்கே.

இரண்டாவது பதிலுக்கும் விடை கிடைத்துவிட்டது. 'எப்போதும் பொறுப்பு' இல்லை; ஆனால் 'கடித்ததே இல்லை' என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை.

4. 'நாய் ஜாக்கிரதை' போர்டு காப்பாற்றுமா?

உள்ளே வரும் உரிமை இல்லாத ஒருவர் இரவில் சுவர் ஏறிக் குதித்துக் கடிபட்டால், எச்சரிக்கைப் பலகை உரிமையாளருக்கு உதவும். நாயைக் கல்லால் அடித்துச் சீண்டியவருக்கும் இழப்பீடு கிடைப்பது கஷ்டம், அல்லது குறையும். கடிபட்டவரிடமும் தவறு இருந்தால், அந்தத் தவற்றின் அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்க உரிமையியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆனால் தபால்காரருக்கு அஞ்சல் பெட்டி வரை வர உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்குப் பலகை ஒரு படம்தான். கேட்டுக்கு வெளியே பொதுச் சாலையில் நடந்த நம் மாணவிக்கோ அந்தப் பலகையோடு சம்பந்தமே இல்லை. இன்னொன்றும் உண்டு. "நாய் மூர்க்கமானது என்று தெரிந்துதானே போர்டு மாட்டினீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கலாம். காக்கும் என்று மாட்டிய பலகையே சாட்சியாகவும் மாறலாம்.

5. ஊராட்சி மன்ற விதிகள்

நாய் லைசென்ஸ், கழுத்துப்பட்டை, வெளியே கூட்டிப்போகும்போது கயிறு ஆகியவை அந்தந்த ஊராட்சி மன்றத்தின் துணைச்சட்டங்களில் வருகின்றன. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி துணைச்சட்டத்தை மீறுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க வழியுண்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் விவரங்கள் வேறுபடுவதால், மாணவர்கள் தங்கள் நகராண்மைக் கழகத்தின் விதிகளைத் தேடிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஒப்பீட்டுக்குச் சிங்கப்பூரைச் சொல்லலாம். அங்கே குறிப்பிட்ட சில நாயினங்களை வளர்ப்போர், பொது இடத்தில் நாய்க்கு வாய்க்கவசமும் கயிறும் போட வேண்டும்; குறைந்தது 100,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். கடித்த பிறகு யார் கொடுப்பது என்று அலையாமல், கடிப்பதற்கு முன்பே பணத்துக்கு ஏற்பாடு. 'மலேசியாவிலும் நாய்க்குக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட வேண்டும்' என்ற விவாதத் தலைப்புக்கு இது நல்ல கரு.

6. சட்டத்துக்கு முன்னால் சோப்பும் தண்ணீரும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அவசரமானது வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ். சரவாக்கில் 2017ஆம் ஆண்டு இந்நோய் பரவத் தொடங்கி உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் உடனே சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

உரிமையாளரின் பொறுப்பு இங்கேதான் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. கடித்த நாயை 10 நாள் கண்காணித்தால், கடித்தபோது அதற்கு நோய் இருந்ததா என்று மருத்துவர்களுக்குத் தெரியவரும். பழிக்குப் பயந்து நாயை இரவோடு இரவாக எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. 50 வெள்ளி கொடுப்பதைவிட, "நாய் இங்கேதான் இருக்கு, ஊசிச் சீட்டு இதோ" என்று உண்மையைச் சொல்வது பெரிய உதவி.

7. அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

காயத்தைக் கழுவி மருத்துவமனைக்குப் போவது முதல் வேலை. காயத்தையும் திறந்து கிடந்த கேட்டையும் படம் எடுக்கணும். மருத்துவ ரசீது, டாக்சிச் செலவு, பெற்றோர் இழந்த சம்பளம் எல்லாவற்றுக்கும் சீட்டு வைத்துக்கொள்ளணும். பேப்பர்காரரிடம் நடந்ததைக் கேட்டு எழுதி வைக்கணும். போலீசிலும் நகராண்மைக் கழகத்திலும் புகார் கொடுக்கணும். முழுச் சிகிச்சைச் செலவு தெரியும் முன்பு, 'இத்தோடு எல்லாம் தீர்ந்தது' என்ற தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

வழக்கு என்றால், தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு கால வரம்பு. கடிபட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அந்த 6 ஆண்டு, 18 வயது நிறைந்த பிறகே எண்ணப்படும். அதற்கு முன்பே பெற்றோர் அவள் சார்பில் வழக்குத் தொடுக்கவும் முடியும். 100,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். இந்தக் கட்டுரை பொது விளக்கம்தான்; உண்மைச் சம்பவத்துக்கு வழக்கறிஞரையோ சட்ட உதவி மையத்தையோ நாடுங்கள்.

உறவு கெட்டுவிடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் உரிமையைக் கேட்பது சண்டை போடுவது ஆகாது. "செலவு இவ்வளவு, ரசீது இது, கேட்டை மாத்துங்க" என்று நேரில் உட்கார்ந்து பேசி முடிக்கும் வழக்குகளே நல்ல வழக்குகள். சட்டம் தெரிந்தால் அந்தப் பேச்சில் இரு தரப்புக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும்.

8. தேர்வு எழுதுவோருக்கு

*சொற்கள்:* குற்றவியல், உரிமையியல், இழப்பீடு, கவனக்குறைவு, கொடுங்காயம், துணைச்சட்டம், காப்புறுதி, வாய்க்கவசம். 'நாய்க்கடி' என்பதில் வல்லினம் மிகும். 'நாய் கடித்தது' என்பதில் மிகாது. முன்னது 'நாயினது கடி' என விரியும் வேற்றுமைத்தொகை, பின்னது எழுவாய்த்தொடர். 'அபராதம்' அரசுக்கு, 'இழப்பீடு' பாதிக்கப்பட்டவருக்கு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் கருத்தே மாறிவிடும்.

*பழமொழி:* 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று கட்டுரையைத் தொடங்கும் மாணவர்கள் உண்டு. இந்தத் தலைப்புக்கு அது எதிராகத்தான் வேலை செய்யும். வேண்டுமானால் திருப்பிப் பயன்படுத்துங்கள்: 'குரைக்கிற நாய் கடிக்காது என்பது பழமொழி, அதை நம்பிக் கேட்டைத் திறந்து வைத்தால் அது கவனக்குறைவு.'

*மாதிரிப் பத்தி:* 'நாய் வளர்ப்போரின் முதன்மைக் கடமை பிறரின் பாதுகாப்பை உறுதிசெய்வதாகும். நாயால் ஆபத்து நேரும் வாய்ப்பு இருந்தும் அதைத் தடுக்கத் தவறுவது குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவின்படி குற்றமாகும். எடுத்துக்காட்டாக, வழிப்போக்கரை ஏற்கெனவே விரட்டிய நாயை வைத்திருப்பவர் வீட்டு வாயிலைத் திறந்தே வைப்பது பொறுப்பற்ற செயலாகும். எனவே, வேலியைச் சீர்செய்வதும் வெளியே செல்லும்போது கயிறு கட்டுவதும் நாய்க்கு உணவு அளிப்பதைப் போலவே இன்றியமையாத கடமைகளாகும்.'

கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு, முடிவு என நான்கும் இப்பத்தியில் இருப்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

*பயிற்சி வினாக்கள்:*

1. குற்றவியல் பொறுப்புக்கும் உரிமையியல் பொறுப்புக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றனை எழுதுக.
2. மேற்கண்ட கற்பனைச் சூழலில் நாய் அதற்கு முன் யாரையும் விரட்டியதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாணவிக்கு எந்த வழி திறந்திருக்கும்? ஏன்?
3. தெருநாய்க்குத் தினமும் சோறு வைப்பவர் அந்த நாயின் உரிமையாளர் ஆவாரா? 'வசம்' என்ற சொல்லைக் கொண்டு விவாதித்திடுக.

மூன்றாவது வினாவுக்கு ஒரே விடை கிடையாது. ஒரு பிடி சோறு வைத்ததாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வீட்டுக்குள் சேர்த்து, கட்டிப்போட்டு, தம் கட்டுப்பாட்டில் வைக்கத் தொடங்கினால் கதை மாறும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று மாணவர்களையே வாதாட விடுங்கள். வகுப்பு நன்றாகச் சூடு பிடிக்கும்.